பெரட்டுக்கு வந்த விமானி

மலைநாட்டு வான்வழி மேம்பாட்டுச் சபை எப்படிப் பிறந்தது என்று ஹட்டனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேர்தலுக்கு முந்திய மாதம் ஓர் அமைச்சர் ஹெலிகொப்டரில் வந்து, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். இறங்கிய காற்றில் பக்கத்து லயத்துத் தொழிலாளர் வீடுகளின் கூரைத் தகரங்கள் ஆறேழு கிளம்பி, தேயிலை மலையைத் தாண்டி ஆற்றோரம் போய் விழுந்தன. சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை, விமானத்தின் மேல் உள்ள ஆசை என்று அமைச்சர் எடுத்துக்கொண்டார். "இந்த மலையிலிருந்து விமானிகள் எழுவார்கள்!" என்று ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டு, தானும் எழுந்து போனார். மீதித் தகரங்கள் அப்போதுதான் போயின.

தகரம் இழந்த வீடுகளில் சுலக்ஷனாவின் வீடும் ஒன்று. அவளுடைய அம்மா நாகலெட்சுமியும் மற்றவர்களும் தகரத்தின் பின்னால் ஓட, அவள் மட்டும் ஹெலிகொப்டரைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்தக் கூச்சல் எதையும் காதில் வாங்காமல், அவ்வளவு பெரிய சாமானை ஒரு கையால் திருப்பிக்கொண்டிருந்தான். உயர்தரத்தில் கணிதம் படித்துச் சித்தியடைந்து வீட்டிலிருந்த பிள்ளை அவள். ஓட்டினால் இதைத்தான் ஓட்டுவது, அதுவும் இதைவிடப் பெரிதாக, கடல் தாண்டிப் போகிறதை ஓட்டுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது மட்டும் தெரியவில்லை.

சபை அதிகம் தாமதிக்கவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பாவா நானாவின் துணிக்கடை மாடியில் பெயர்ப்பலகை ஏறியது. தவிசாளர் ஒருவர், நிறைவேற்றுப் பணிப்பாளர் ஒருவர், பயிற்சிப் பணிப்பாளர் ஒருவர், அவர்களுக்கு உதவியாளர்கள், உதவியாளர்களுக்குத் தேநீர் கொடுக்க ஆட்கள், இத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். விமானம் மட்டும் வரவில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை, ஏனென்றால் விமானக் கொள்வனவுக் குழு என்று தனியாக ஒன்று இருந்தது. அந்தக் குழு கூடும் நாட்களில் பாவா நானாவின் கடைக்குள் தேநீரோடு தின்னும் பற்றிஸின் வாசம் இறங்கும்.

பயிற்சிக்கு ஆள் எடுத்த நேர்முகப் பரீட்சையில் சுலக்ஷனா தன் கேள்வியைக் கேட்டாள்.

"ஐயா, பெரிய ஏர்லைன்ல பைலட்டா வாரதுக்கு எவ்வளவு காலம் ஆகுங்க?"

தவிசாளர் பொன்னையா நாற்காலியில் நிமிர்ந்தார். "அருமையான கேள்வி. காலம்னா என்ன தங்கச்சி? என்னையவே எடுத்துக்க. ரெண்டு எலெக்சன்ல தோத்தேன். மூணாவதுலயும் தோத்தேன். அடுத்த வாரமே என்னயத் தவிசாளராப் போட்டுட்டாங்க. வாகனம் வந்துச்சு, டிரைவர் வந்தாரு, பெட்ரோல் வந்துச்சு. இதுக்காக நான் என்ன படிச்சேன்? ஒண்ணும் படிக்கல. அதனால காலத்தப் பத்திக் கவலையே படாத."

மற்ற இரண்டு பணிப்பாளர்களும் கைதட்டினார்கள். சுலக்ஷனாவும் தட்டினாள். வெளியே வந்து படியிறங்கும்போதுதான், கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நிறைவேற்றுப் பணிப்பாளர் வீரய்யா முப்பது வருஷத்துக்கு மேல் சுலக்ஷனாவின் தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றே ஒன்றுதான். காலையில் பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் வந்து நிற்க வேண்டும். வந்து நின்று வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, விழும். பிந்தி வந்தாலோ கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். உலகத்தில் எந்தத் தொழிலையும் இப்படி நடத்திவிடலாம் என்று அவர் மனதார நம்பினார்.

ஆகவே விமானிகளுக்கும் பெரட்டு நடந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக மாணவர்கள் காலையில் துணிக்கடை வாசலில் வரிசையாக நிற்பார்கள். வீரய்யா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேர் போடுவார். பனி மூட்டம் இறங்கிய நாளில் அரைப்பேர்தான்.

"ஏன் சார் கழிக்கிறீங்க?" என்று சுலக்ஷனா ஒரு நாள் கேட்டாள்.

"மூட்டத்துல பிளேன் பறக்காதும்மா. பறக்காத நாளுக்கு முழுப்பேர் போட்டா நாளைக்கு என்னயக் கேப்பாங்க."

"வெயில் நாள்லயும் நம்ம ஒண்ணும் பறக்கலையேங்க சார்."

"அதுக்குக் கழிக்கணும்னு எங்கயும் சொல்லல" என்றார் வீரய்யா, நல்ல மனதோடு.

பயிற்சிப் பணிப்பாளர் விஜிதரன் முன்பு கொட்டகலையில் வாகனம் ஓட்டப் பழக்கியவர். பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய சாரதி ஆசனத்தை அவர் மாடி ஜன்னலோரம் பொருத்தியிருந்தார். அதில் ஏறி உட்கார்ந்தால் கீழே பஸ் நிலையம் தெரியும். "திரும்பும்போது கையக் காட்டணும். வானத்துலயும் பின்னால ஆள் வரும்" என்பார். பின்னுக்கு எடுப்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. விமானம் தன்பாட்டில் பின்னுக்குப் போகாது என்று சுலக்ஷனா எங்கோ வாசித்ததைச் சொன்னபோது, "அது ஓட்டத் தெரியாதவங்க சொல்றது" என்று முடித்துவிட்டார். அறிவித்தல் பயிற்சியும் இருந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதை மூன்று மொழியிலும் குழையாமல் சொல்லப் பழக வேண்டும். வேறு அறிவித்தல் எதுவும் சபையின் கைவசம் இருக்கவில்லை.

மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருத்தி தையல் தொழிற்சாலைக்குப் போனாள். ஒருவன் த்ரீவீல் ஓட்டப் போனான். இன்னொருவன் கட்டாருக்குப் போனான். அவன் விமானத்தில் ஏறித்தானே போனான் என்று, சபை அவனை ஆண்டறிக்கையில் தன் முதல் வெற்றியாகச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் பெரட்டுக்குச் சுலக்ஷனா மட்டும் நின்றாள். அவளொருத்தியைப் பயிற்றுவிக்க மாடி நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

ஒரே மாணவி என்பதால் அவளுக்கு வேலை கூடிப்போயிற்று. எங்கே நாடா வெட்டினாலும் சபையின் விமானி தொப்பியோடு தாம்பாளம் ஏந்தி நிற்க வேண்டும். நோட்டன் பிரிட்ஜில் ஒரு மலசலகூடத் திறப்பு விழாவுக்குக்கூட அவளைக் கூட்டிப்போய்ச் சல்யூட் அடிக்க வைத்தார்கள். அன்றைக்கெல்லாம் முழுப்பேர். லயத்தில் சின்னப் பிள்ளைகள் அவளைப் பைலட் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தான் ஒரு விமானத்தைக்கூட இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கந்தப்பளைக் கோயில் திருவிழாவில்தான் விஷயம் உச்சத்துக்குப் போனது. மூங்கிலாலும் வெள்ளித்தாளாலும் சபை ஒரு விமானம் கட்டி லொறியில் ஏற்றி, சுலக்ஷனாவை அதற்குள் உட்காரவைத்து ஊர்வலம் விட்டது. கடைத்தெரு வளைவில் லொறி திரும்பியபோது இடது இறக்கை மின்கம்பத்தில் மாட்டி ஒடிந்து, கீழே கடலை விற்றுக்கொண்டிருந்தவரின் வண்டி மேல் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் சபைக்கு அது விமான விபத்து. உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு பல தடவை கூடியது, மாடியில் மறுபடி பற்றிஸ் வாசம் வந்தது. லொறிச் சாரதி தவிசாளரின் மச்சான் என்பதால் அவரை விசாரிக்கத் தேவை ஏற்படவில்லை. முடிவை விஜிதரன் எழுந்து நின்று வாசித்தார்: "சம்பவ வேளையில் விமானம் மிகத் தாழ்வாகச் சென்றுகொண்டிருந்தது. விமானி உரிய நேரத்தில் அதை மேலே எழுப்பியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம்."

சுலக்ஷனாவுக்கு அன்று அரைப்பேர். வீடு திரும்பும் பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். இறங்கி லயத்துக்கு நடக்கும்போது அழுதாள். வயது போய்க்கொண்டிருந்தது. அம்மா தனியாக மலையேறிக் கொழுந்தெடுத்து அவளை இங்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து சபைக்கும் ஒரு கேள்வி வந்தது: இதுவரை எத்தனை விமானிகளை உருவாக்கியிருக்கிறீர்கள்? ஒருவரும் இல்லையென்றால் சபையை மூடிவிடலாமா?

மாடியில் அவசரக் கூட்டம் நடந்தது. தேநீர் கொண்டுவருபவரும் தட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். விஜிதரன் போனைத் தட்டிப் பார்த்து, பெரிய விமானத்தில் கப்டனாக ஆயிரத்தைந்நூறு மணித்தியாலம் பறந்திருக்க வேண்டுமாம் என்று வாசித்தார். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். வீரய்யா மட்டும் பெரட்டுப் புத்தகத்தை எடுத்து மெல்லக் கூட்டிப் பார்த்தார். ஒரு பேருக்கு எட்டு மணித்தியாலம். அரைப்பேருக்கு நாலு. மூட்டக் கழிவு போக மீதி.

"நம்ம புள்ள போன தீபாவளிக்கு முந்தியே கப்டனாகிடுச்சுங்க. நாமதான் கவனிக்கல" என்றார்.

தவிசாளருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று பேசினார். "இது வரைக்கும் உலகத்துல எல்லாரும் பிளேன்ல ஏறித்தான் கப்டன் ஆனாங்க. அதுல எவ்வளவு ஆபத்து, எவ்வளவு எண்ணெய்! நாம தரையில வச்சே ஆக்கிட்டோம். ஒரு உசிருக்குச் சேதம் இல்ல. ஒரு பிளேனுக்குக் கீறல் இல்ல. எந்த நாட்டுக்காரன் செஞ்சிருக்கான் இத?"

வருகிற சனிக்கிழமை நகர மண்டபத்தில் அமைச்சர் முன்னிலையில் கப்டன் தொப்பி சூட்டு விழா என்று முடிவாயிற்று. கூடவே சுலக்ஷனாவைத் தலைமைப் பயிற்றுநராக நியமிப்பது என்றும் தீர்மானித்தார்கள். நிரந்தர வேலை, பென்சனும் உண்டு.

சுலக்ஷனா அதைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பாவா நானா துணி அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"என்ன புள்ள, கப்டனாகப் போறீங்களாமே. மொகத்துல சந்தோசத்தக் காணல்லியே."

"நானா, நான் பிளேனத் தொட்டதுகூட இல்ல நானா."

"அது எனக்குத் தெரியும் தானே. மேல மாடியில பிளேன் ஈந்தா எனக்கு வாடக கூட்டிக் கேக்க ஏலும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கட மகன் ஸஜ்ஜாத் கொழும்புப் பக்கம் ரத்மலானையில தான் வேல, பிளேனுக்கு எண்ண அடிக்கிற எடத்துல. அங்க ஒரு பறக்கப் படிக்கிற ஸ்கூல் ஈக்குது. மலநாட்டுப் புள்ள ஒண்டுக்கு இந்த வருஷம் எலவசமா எடம் குடுக்குறாங்களாம். பரீட்ச சனிக்கெழம காலையில. போறெண்டா நான் ஸஜ்ஜாத்துக்குச் சொல்றேன்."

அதே சனிக்கிழமை. ஒரு பக்கம் தொப்பி, நிரந்தர வேலை, பென்சன். மறு பக்கம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத ஒரேயொரு இடம்.

வெள்ளிக்கிழமை சபையில் கடைசிக் கூட்டம். தவிசாளருக்குப் புதிய யோசனை ஒன்று உதித்திருந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் கடல்விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, விழா முடிந்ததும் கப்டன் சுலக்ஷனாவே அதை ஓட்டி மலையைச் சுற்றி வருவது. "படம் புடிச்சு எல்லா டீவியிலயும் போடுவாங்க" என்றார்.

சுலக்ஷனா எழுந்து நின்றாள். "ஐயா, எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"ஆயிரத்தைந்நூறு மணித்தியாலத்துக்கு மேல இருக்கேம்மா" என்றார் வீரய்யா.

அவள் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு, "சரிங்க. அப்ப பிளேன்ல யார் யார் ஏறுறீங்க? பேர் சொன்னீங்கன்னா நல்லது" என்றாள்.

தவிசாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். தனக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் என்றும், சீனிக்காரர்கள் உயரத்துக்குப் போகக்கூடாது என்று டொக்டர் போன வாரம்தான் சொன்னாரென்றும் சொன்னார். அவர் ஹட்டனிலும் உயரமான நுவரெலியாவிலிருந்து நாள்தோறும் வருகிறவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. விஜிதரனுக்கு மாமியார் வீட்டில் சனிக்கிழமை விசேஷம். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். விமானக் கொள்வனவுக் குழுவினர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை சுற்றியது. எல்லோரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். அவர் பெரட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அரைப்பேராப் போட்டிருக்கணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

முடிவில் சபை ஏகமனதாகத் தீர்மானித்தது: ஏறுவதற்கு ஆளில்லாதபடியால் விமானம் தேவையில்லை, விமானம் இல்லாதபடியால் ஓட்டத் தெரியுமா என்ற கேள்வியும் எழாது, விழா வழமைபோல் மண்டபத்தில் நடக்கும். தீர்மானம் நிறைவேறியதும் எல்லோருக்கும் தலைசுற்று நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் சுலக்ஷனா வீட்டுக்குப் போனபோது நாகலெட்சுமி தலைக்கயிற்றைக் கழற்றி, கூடையைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் விழாவுக்குப் போக வேன் பேசியாயிற்று. சுலக்ஷனா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பென்சனையும் சொன்னாள், ரத்மலானையையும் சொன்னாள்.

நாகலெட்சுமி துருவுவதை நிறுத்தவில்லை. "பென்சன் வேலடி அது" என்றாள். "நம்ம லயத்துல யாருக்குக் கெடச்சிருக்கு? மழையில நனைய வேணாம், அட்டைக்கடி இல்ல. ரத்மலானையில எடம் கெடைக்காட்டி என்னா செய்வ?"

"தெரியலம்மா."

"அப்ப போயி அந்தத் தொப்பியப் போட்டுக்கயேன்."

சுலக்ஷனா அம்மாவின் பக்கத்தில் குந்தினாள். "சரிம்மா, போட்டுக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நான் பிளேன் ஓட்டுனா நீங்க ஏறுவீங்களா?"

நாகலெட்சுமி தேங்காயைக் கீழே வைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? ஓட்டத் தெரியாதவ ஓட்டுனா யாரு ஏறுவா?" அவள் குரல் உடைந்தது. "ஓட்டப் படிச்சிட்டு வா. எந்தக் கடலுக்கு மேலனாலும் கண்ண மூடிக்கிட்டு ஏறுறேன். விடியக்காலைல மொத பஸ்ஸு. போயித் தூங்கு." பிறகு தேங்காயைப் பார்த்தபடியே, "விழாவுக்கு நான் போறேன். பெரிய கிளாக்கரு கிட்டச் சொல்லாம இருக்கிறது மரியாதை இல்ல" என்றாள்.

ரத்மலானையில் பரீட்சை எழுதினாள். கண்ணைச் சோதித்தார்கள், காதைச் சோதித்தார்கள். கடைசியில் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பயிற்றுநர் அம்மா கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துச் சிங்களத்தில் கேட்டார்: "எத்தனை மணித்தியாலம் பறந்திருக்கிறாய்?"

சுலக்ஷனாவுக்கு ஒரு கணம் வீரய்யாவின் முகம் வந்து போனது. "ஒன்றுமே இல்லை, மிஸ்" என்றாள்.

"நல்லது. பிழையாகப் பழகியதை மறக்கடிக்கிற வேலை மிச்சம்." அந்த அம்மா சிரித்தார். "கணிதம் நன்றாகச் செய்திருக்கிறாய். இடம் உனக்குத்தான். கேட்க ஏதும் இருக்கிறதா?"

இருந்தது. அவள் கேட்டாள்.

அந்த அம்மா பேச்சை நீட்டவில்லை. காலநிலையும் உடம்பும் பரீட்சைகளும் ஒத்துவந்தால் அனுமதிப்பத்திரம் எடுக்க இரண்டு வருஷம் போல ஆகும். பிறகு பறந்து பறந்து மணித்தியாலம் சேர்க்க வேண்டும். பெரிய கம்பனியொன்று எடுத்து, துணை விமானியாக வலது பக்க ஆசனத்தில் உட்காரவைக்க இன்னும் சில வருஷம். இடது பக்கத்தில் கப்டனாக உட்கார இன்றிலிருந்து பத்து வருஷம் என்று வைத்துக்கொள், அதற்கு மேலும் போகலாம் என்றார்.

சுலக்ஷனாவுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. பத்து வருஷம் என்று கேட்டு இப்படி மகிழ்ந்த பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று அந்த அம்மா பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கம் மேளமும் ஒலிபெருக்கியுமாக இரைந்தது.

"அம்மா, எடுத்துட்டாங்கம்மா! எனக்குத்தான் எடம்!"

"முருகா!" என்றாள் நாகலெட்சுமி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எவ்வளவு காலம் ஆகுமாம்?"

"பத்து வருஷமாம்மா. கூடவும் ஆகலாமாம்."

"ஆகட்டும் புள்ள. அவசரப்படாமப் படி. இங்க ஒரு வெசயம் நடந்துபோச்சு."

"என்னம்மா?"

"நீ வரலன்னு சொல்லத்தான் போனேன். மினிஸ்டரு வந்து உக்காந்துட்டாரு. தொப்பி தட்டுல இருக்கு, போடத் தலையக் காணோம். தவிசாளரு ஐயாவுக்கு வேர்த்து ஊத்துது. பெரிய கிளாக்கரு என்னயவே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'நாகலெட்சுமி, நீ தோட்டத்துல எந்த வயசுல பேர்ப் பதிஞ்ச?'ன்னாரு. பதினெட்டுலன்னேன். ஒரு பேருக்கு எட்டு மணித்தியாலம்னு அங்கயே விரல்விட்டுக் கணக்குப் போட்டாரு."

"ஐயோ அம்மா!"

"மழைக் கழிவு, அரைப்பேரு எல்லாம் போகவும் இந்த நாட்டுலயே என்னயவிடப் பெரிய கப்டன் இல்லையாம். தொப்பியப் போட்டுட்டாங்கடி. மினிஸ்டரே சல்யூட் அடிச்சாரு. பென்சனும் உண்டாம்." ஒலிபெருக்கியில் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "வையி, என்னயப் பேசக் கூப்புடுறாங்க. நீ பத்து வருஷம் ஆனாலும் ஒழுங்காப் படிச்சிட்டு வா. அது வரைக்கும் ஹட்டன்ல ஆகாயத்த நான் பாத்துக்கிறேன்."